சரியாக வந்த காபி

இரண்டாவது முறையிலேயே வந்துவிட்டது.

அவனுக்கு நம்பிக்கை வரவில்லை. குனிந்து பார்த்தான். மெஷினின் வாயிலிருந்து காபி நல்லெண்ணெய் ஒழுகுவதுபோல இறங்கிக்கொண்டிருந்தது. நடுவில் அறுபடவில்லை. பக்கத்தில் தெறிக்கவில்லை.

விநாடிமுள்ளைப் பார்த்தான். இறங்க எடுத்துக்கொண்ட நேரமும் சரி.

சனியன், இன்றைக்கா இப்படி வர வேண்டும்.

மணி ஆறேகால்தான் ஆகியிருந்தது.

மற்ற நாட்களில் இந்த மெஷின் அவனைப் பாடாய்ப் படுத்தும். கொட்டையைக் கொஞ்சம் பருமனாக அரைத்தால் தண்ணீர் மடமடவென்று இறங்கிவிடும், காபி புளிக்கும். நைசாக அரைத்தால் சொட்டுச் சொட்டாக அழுது வடிந்து கசந்து தொலைக்கும். நேற்றுச் சரியாக இருந்த அளவு இன்றைக்குச் சரிப்படாது. தூறல் விழுந்தால் ஒரு கணக்கு, வெயிலடித்தால் வேறு கணக்கு. கொட்டை அரைக்கும் கிரைண்டரில் பருமனைக் கூட்டிக் குறைக்கும் வளையத்தை ஒரு பல் இந்தப் பக்கம் திருக வேண்டும், அரைபல் அந்தப் பக்கம் திருக வேண்டும். அரைத்து, தட்டி, அமுக்கி, இறக்கி, வாயில் வைத்துப் பார்த்து, தொட்டியில் கொட்டி, மறுபடி முதலிலிருந்து.

அதற்குள் மணி எட்டாகிவிடும்.

அவனுக்கு வேண்டியது அந்த எட்டு மணிதான். எட்டுக்கு மேல் சோறு, டிவி, தூக்கம். அன்றைய பொழுதைக் குடிக்காமல் தாண்டிவிட்டான் என்று அர்த்தம்.

குடியை விட்டதிலிருந்து ஆறுக்கும் எட்டுக்கும் நடுவில் இருக்கும் நேரம்தான் அவனுக்கு எமன். அந்த நேரத்தில் கைக்கு ஒரு வேலை கொடுங்கள் என்று டாக்டர் சொல்லியிருந்தார். செடி வளர்த்தான். தண்ணீர் ஊற்றியதும் வேலை முடிந்துவிட்டது. நடக்கப் போனான். கால்கள் தாமாக அந்த மதுக்கடைத் தெருவுக்குத் திரும்பின. பிறகுதான் இந்த மெஷினையும் கிரைண்டரையும் வாங்கினான்.

வீட்டில் ஃபில்டர் இருக்கும்போது இது எதற்கு என்று மாமியார் கேட்டார்.

ஃபில்டரில் பொடியைப் போட்டு வெந்நீரை ஊற்றினால் டிகாஷன் தானாக இறங்கும். அங்கே அவன் கைக்கு வேலையே இல்லை. இது அப்படியல்ல, ஆளை நிற்கவைத்து வேலை வாங்கும்.

இன்று வாங்கவில்லை.

ஒரு வாய் குடித்தான். முதலில் பழத்தின் இனிப்பு. கடைசியில், இருக்கிறதா இல்லையா என்று ஒரு கசப்பு. இதற்காகத்தான் இத்தனை மல்லுக்கட்டு என்று எல்லோரிடமும் சொல்லிவைத்திருந்தான். இப்போது கோப்பையைக் கையில் வைத்துக்கொண்டு நிற்கப் பயமாக இருந்தது.

கோப்பையைக் கீழே வைத்தான்.

சமையல் மேடையைத் துடைத்தான். மெஷினைத் துடைத்தான். துடைத்த இடத்தையே மறுபடியும் துடைத்தான்.

ஆறு இருபது.

இருப்புக் கொள்ளவில்லை. பால்கனிக்குப் போனான். திரும்பி வந்தான். ஃபிரிட்ஜைத் திறந்தான். எதற்குத் திறந்தோம் என்று தெரியாமல் மூடினான்.

ஃபோன் அதிர்ந்தது.

ரங்கராஜ். கடையில் எப்போதும் அவனுக்குப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தவன். நல்ல மனுஷன். அதுதான் சிக்கல். கெட்டவனாக இருந்திருந்தால் எப்போதோ தலைமுழுகியிருக்கலாம்.

எடுக்கவில்லை. நின்றுபோய் மறுபடியும் அடித்தது.

நாக்கு வறண்டது. சும்மா போய் நாலு வார்த்தை பேசிவிட்டு வந்துவிடலாம் என்று ஒரு நினைப்பு வந்தது. இந்த நினைப்பின் யோக்கியதை அவனுக்கு நன்றாகத் தெரியும். முதலில் சட்டையை எடுக்கச் சொல்லும். அப்புறம் செருப்பைத் தேடச் சொல்லும். குடிக்கச் சொல்லவே சொல்லாது.

சட்டையை மாட்டிப் பாதிப் பொத்தான் போட்டிருந்தபோது மனைவி வந்தாள்.

தினமும் இந்த நேரத்துக்குச் சமையலறைக்கு வருவாள். அவன் கொட்டப்போகும் காபியில் ஒன்றிரண்டைப் பிடுங்கி, பாலும் சர்க்கரையும் கலந்து, வீணாகக் கூடாது என்று குடித்துவிடுவாள். அதனால் தூக்கம் கெடுகிறது என்று ஒருநாளும் சொன்னதில்லை. அவள் புரண்டு படுப்பது அவனுக்குக் கேட்கும்.

இன்று வந்தவள் வாசலிலேயே நின்றாள்.

சட்டையைப் பார்த்தாள். அதிர்ந்துகொண்டிருந்த ஃபோனைப் பார்த்தாள்.

துடைத்துப் பளபளவென்றிருந்த மேடையைப் பார்த்ததும் அவளுக்கு விஷயம் புரிந்துவிட்டது. ஒற்றைக் கோப்பை மட்டும் இருந்தது. எடுத்து மோந்து பார்த்தாள். பால் ஊற்றவில்லை, சர்க்கரை போடவில்லை. ஒரு வாய் குடித்துக் கண்ணை மூடினாள். அப்புறம் மிச்சத்தையும் நின்றபடியே குடித்து முடித்தாள்.

சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள்.

நேராகக் கிரைண்டரிடம் போனாள். வளையத்தைப் பிடித்தாள். எந்தப் பக்கம் பருமன், எந்தப் பக்கம் நைஸ் என்றெல்லாம் அவளுக்குத் தெரியாது. கைக்கு வந்த பக்கம் ஒரு திருகு திருகினாள். நாலைந்து பல் கடகடவென்று தாண்டிப் போயிற்று.

"புளிக்குதுங்க," என்றாள். "இன்னொருக்கா போடுங்க."

அவன் அவளைப் பார்த்தான். காலிக் கோப்பையைப் பார்த்தான்.

ஃபோன் அடித்து ஓய்ந்தது.

சட்டைக் கையை முழங்கைவரை மடித்துவிட்டுக்கொண்டு கொட்டையை எடைபோடத் தொடங்கினான்.