ஹேண்டில்

அழுத்தம் பார்க்கும் மீட்டரின் முள் நாற்பதைத் தாண்டவில்லை.

நான்கு சிலிண்டரிலும் அதே கதை. குறைந்தது தொண்ணூறு காட்ட வேண்டிய என்ஜின்.

ஸ்பார்க் பிளக் இருந்த துளையில் மெக்கானிக் ஒரு கரண்டி ஆயிலை ஊற்றினான். என்ஜினைக் கிளப்பும் ஹேண்டிலை மறுபடி சுற்றினான். முள் எண்பதுக்கு எகிறியது.

அப்படியானால் வால்வில் கோளாறு இல்லை. பிஸ்டன் ரிங்தான் தேய்ந்து அழுத்தத்தைக் கசியவிடுகிறது.

அறுபது வருடத்து டிராக்டர். அது உழுது பல காலம் ஆயிற்று. அதன் சொந்தக்காரர் திருமலைச்சாமி அதற்குப் பெயின்ட் அடித்துத் தோட்டத்து வாசலில் நிறுத்தியிருக்கிறார். விருந்தாளி வந்தால் தன் கையாலேயே ஹேண்டில் போட்டுக் காட்டுவார். லேசாகச் சுற்றும். இரண்டு தடவை இருமிவிட்டு நின்றுவிடும்.

ஆயுத பூஜையன்று புது மருமகன் முன்னால் அது கிளம்பியே ஆக வேண்டுமாம்.

அவர் சுற்றிக் காட்டியபோதுதான் அவன் கவனித்தான். நான்கு விரல் ஒரு பக்கம், கட்டைவிரல் மறு பக்கம். ஹேண்டிலை வளைத்துப் பிடித்திருந்தார்.

அவனும் இதே ஹேண்டிலை அப்படித்தான் பிடித்தான்.

அப்போது பத்தொன்பது வயது. இவரிடம் வேலைக்குச் சேர்ந்த மூன்றாம் நாள். என்ஜின் அழுத்தம் குறையாமல் முறுக்காக இருந்த காலம். ஒரே உதை. ஹேண்டில் பின்னால் சுழன்றதில் கட்டைவிரலும் மணிக்கட்டும் சேர்ந்து ஒடிந்தன.

தரையில் கிடந்தவனைத் தாண்டி வந்து குனிந்தார் திருமலைச்சாமி.

"ஹேண்டிலு வளைஞ்சு போச்சாடா?"

கட்டைவிரலையும் மற்ற விரல்களோடு ஒரே பக்கம் வைத்தால், உதைக்கும்போது ஹேண்டில் கையை விட்டுத் தெறித்துவிடும். ஆஸ்பத்திரியில் பக்கத்துக் கட்டிலில் கிடந்த லாரி டிரைவர் சொன்னார்.

வலி எப்போதோ மறந்துவிட்டது. அந்தக் கேள்விதான் முப்பது வருடமாக வயிற்றில் எரிகிறது.

திருமலைச்சாமிக்கு இப்போது அவனை அடையாளம் தெரியவில்லை.

கெட்டி ஆயிலை ஊற்றி ஒப்பேற்றியிருக்கலாம். அவன் செய்யவில்லை. சிலிண்டரைக் கோயம்புத்தூருக்கு அனுப்பிக் கடைந்து வாங்கினான். புது பிஸ்டன், புது ரிங். இவ்வளவு ஆசையாக அவன் எந்த வேலையும் பார்த்ததில்லை. எவனும் ஒரு குறை சொல்ல முடியாது.

முள் தொண்ணூற்றைந்தில் நின்றது.

கட்டைவிரலை ஒதுக்கிப் பிடித்துத் தானே சுற்றிப் பார்த்தான். மூன்றாவது சுற்றில் ஹேண்டில் உதைத்துக்கொண்டு கையை விட்டுத் தெறித்தது.

அன்று வீட்டுக்குப் போய் நன்றாகத் தூங்கினான்.

ஆயுத பூஜை. பானெட்டில் சந்தனம், முன்னால் வாழைக்கன்று. மருமகன் செல்போனைத் தூக்கிப் பிடித்தார். திருமலைச்சாமி வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு குனிந்தார்.

கட்டைவிரல் ஹேண்டிலைச் சுற்றி வளைந்தது.

தடுக்க ஒரு வார்த்தை போதும். அவன் வாயைத் திறந்தான்.

"கெட்டியாப் புடிச்சுக்குங்க."

பிறகு இரண்டடி தள்ளி நின்றுகொண்டான். ஹேண்டில் வளைந்துவிடக் கூடாதே என்பது மட்டும்தான் அவனுக்குக் கவலையாக இருந்தது.