நீலக் கரடியின் தலை

"தலையைக் கழட்டாதேன்னு எத்தனை தடவை சொல்றது? எல்லாரும் பார்க்கிறாங்க."

பொம்மைக் கடை மேனேஜர் போட்ட அதட்டலில் தெருவில் போனவர்கள்கூட நின்றுவிட்டார்கள். டி.வி. கார்ட்டூனில் வரும் நீலக் கரடியின் வேஷத்தில் வாசலில் நின்றவன், பாதி தூக்கிய தலையை மறுபடி மாட்டிக்கொண்டு குழந்தைகளுக்குக் கையாட்டினான். ஆஸ்துமாக்காரன். உள்ளே அவன் மூச்சு இழுப்பது வெளியே கேட்டது. பார்க்கவே பாவமாக இருந்தது.

அந்தப் பக்கம் வந்த ஓவியருக்குப் பொறுக்கவில்லை. நீயெல்லாம் மனுஷனா என்று மேனேஜரை நாலு பேர் முன்னால் கிழிகிழியென்று கிழித்தார்.

"இனிமே இந்தத் தலைக்குள்ள நீ போக வேண்டாம்பா" என்று கரடிக்காரனைக் கையோடு அழைத்துப் போனார் ஓவியர்.

மூன்றே மாதத்தில் படம் தயார். ஆள் உயரக் கரடி. நீல வண்ணத்தை ஓவியக் கத்தியால் அப்பி அப்பித் தீட்டியிருந்தார். தைத்து வைத்த சிரிப்பு உருகி வழிய, திறந்த வாய்க்குள் இரண்டு மனிதக் கண்கள் பிதுங்கின.

கண்காட்சித் திறப்புக்கு மேனேஜருக்கும் அழைப்பு போனது. வந்து பார்த்து வெட்கப்படட்டும் என்றுதான்.

வந்த மேனேஜர் படத்தைப் பார்க்கவில்லை. அதன் பக்கத்தில் அதே நீல வேஷத்தில் நின்ற நிஜக் கரடியைத்தான் பார்த்தார். அதன் தோளில் கைபோட்டு ஆளாளுக்கு செல்ஃபி எடுத்துக்கொண்டிருந்தார்கள்.

"இன்னிக்கு ஒரு நாள் மட்டும்தான்" என்றார் ஓவியர்.

"எவ்வளவு நேரமா நிக்கிறான்?"

"ரெண்டு மணி நேரம் இருக்கும்."

மேனேஜருக்கு முகம் வெளுத்துவிட்டது. "பத்து நிமிஷத்துக்கு ஒரு தடவை குடோனுக்குள்ள கூட்டிட்டுப் போய் நானே கழட்டி விடுவேன் சார். அவன் நெஞ்சு அதுக்கு மேல தாங்காது. உங்ககிட்ட சொல்லலையா?"

சொல்லியிருந்தான். காலையிலிருந்து மூன்று தடவை சொல்லியிருந்தான்.

அதற்குள் கரடி முழங்கால் மடிந்து சரிந்தது. அதுவும் நிகழ்ச்சியில் ஒரு பகுதி என்று நினைத்த கூட்டம் பலமாகக் கைதட்டியது.

மேனேஜர் ஓடிப்போய் மண்டியிட்டார். மூச்சுச் சத்தம் கேட்கவில்லை. தலையைத் தூக்கப் போன அவர் கையை ஓவியர் இறுக்கிப் பிடித்தார். சுற்றிலும் பார்த்துச் சிரித்துவிட்டு, தாழ்ந்த குரலில் சொன்னார்.

"தலையைக் கழட்டாதீங்க. எல்லாரும் பார்க்கிறாங்க."