ஆறு நிமிடத் தூக்கம்

"ஆறு நிமிடம் தூங்கிவிட்டேன். கண் திறந்து பார்த்தால், பக்கத்து இருக்கையில் துணை விமானியும் தூங்கிக்கொண்டிருந்தார்."

முதல் இரண்டு வரியிலேயே எனக்கு டீ இறங்கவில்லை.

இந்த மாதிரிக் கடிதங்களைப் படிப்பதுதான் என் வேலை. விமானிகள் தங்கள் தப்பைத் தாங்களே எழுதிப் போட எங்கள் கம்பெனியில் ஒரு பெட்டி உண்டு. பெயர் இருக்கும் துண்டை முன்னறையிலேயே கிழித்து, கையெழுத்து தெரியாமல் டைப் அடித்துத்தான் என்னிடம் தருவார்கள். மிச்சம் மீதி அடையாளம் இருந்தால் நான் கறுப்பு மையால் அடிக்க வேண்டும். பிறகு ஆபத்துக்கு ஒன்று முதல் ஐந்து வரை ஒரு எண் போட வேண்டும். காரணம் என்ன, சரிசெய்வது யார் பொறுப்பு என்று இரண்டு கட்டங்களை நிரப்ப வேண்டும்.

எழுதியது யார் என்று மட்டும் தேடக் கூடாது. ஒரே ஒருத்தர் மாட்டிக்கொண்டால் போதும், அப்புறம் அந்தப் பெட்டியை ஈ எறும்புகூட எட்டிப் பார்க்காது. அடுத்த ஆறு நிமிடம் எங்களுக்குத் தெரியாமலே போய்விடும்.

மேலே படித்தேன்.

பகல் இரண்டு மணி. கீழே கண்ணுக்கெட்டிய தூரம் வெள்ளை மேகம். பின்னால் நூற்று அறுபத்திரண்டு பேர். சாப்பிட்டு முடித்து அவர்களும் கண்ணயர்ந்திருப்பார்கள். விமானம் தன் பாட்டுக்குப் போய்க்கொண்டிருந்தது. அத்தனை பேரையும் சுமந்துகொண்டு, அந்த வானத்தில் விழித்திருந்தது அது ஒன்றுதான்.

பயப்பட வேண்டிய இடம். எனக்கோ, கடவுளே, கண் சொக்கியது. ஜன்னல் வெயில் காகிதத்தின் மேல் படர்ந்து, எழுத்தெல்லாம் மெல்ல மிதக்க ஆரம்பித்தது. தூக்கத்தில் என்னை அடித்துக்கொள்ள ஆளில்லை. தலையணையில் தலை பட்டால் போதும், காலையில்தான் கண் திறப்பேன்.

கனவைக்கூட விடாமல் எழுதியிருந்தார், பாவம். மேகத்தின் மேல் கட்டில் போட்டுப் படுத்திருக்கிறாராம். எங்கேயோ யாரோ மேஜையை இழுக்கிறார்களாம். இழுக்கிறார்கள், இழுக்கிறார்கள், இழுத்து முடிகிற பாடில்லையாம். திடீரென்று சத்தம் நின்றுவிட்டதாம். "அப்பாடா என்றிருந்தது. அந்த நிம்மதியில் இன்னும் ஆழமாகப் போய்விட்டேன் போல."

கடைசியில் நாலே வரி.

"மூன்று வாரமாக வீட்டில் தூக்கம் இல்லை. ஏன் என்று எழுத மாட்டேன். தெரிந்தால் ஒருவர் மனசு சங்கடப்படும். அவர் நிம்மதியாகத் தூங்கட்டும்."

எந்த மகராசிக்காக இப்படி மூடி மறைக்கிறாரோ என்று நினைத்துக்கொண்டேன். கொடுத்து வைத்தவள்.

அடையாளம் ஏதாவது தப்பியிருக்கிறதா என்று, பேனாவைத் திறந்துகொண்டு மறுபடி மேலிருந்து வந்தேன்.

'மேஜை' என்ற இடத்தில் பேனா நின்றது.

போன ஞாயிற்றுக்கிழமை காலை. என் மகள் பல் தேய்த்துக்கொண்டே, "அம்மா, நேத்தும் ராத்திரி முழுக்க மேஜையை இழுத்துத் தள்ளிட்ட" என்றாள். கர்ர், கர்ர் என்று குறட்டை விட்டும் காட்டினாள். எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. அவள் அப்பா மட்டும் சிரிக்கவில்லை. சும்மா இரு என்று அவளை அடக்கிவிட்டு, தோளில் நாலு தங்கக் கோடு போட்ட வெள்ளைச் சட்டைக்குப் பொத்தான் மாட்டிக்கொண்டிருந்தார்.

அவர் கண்ணை அன்றைக்கு நான் பார்த்தேனா? இல்லை. ராத்திரி நன்றாகத் தூங்கிய களையில் தோசைக்கல்லைப் பார்த்துக்கொண்டிருந்திருப்பேன்.

வெட்கம் பிடுங்கித் தின்றது. அடுத்த நொடி கோபம். என்னிடம் ஒரு வார்த்தை சொன்னால் குடியா முழுகிவிடும்? நூற்று அறுபத்திரண்டு உயிர் அந்தரத்தில் தொங்கலாம், என் மனசு மட்டும் சங்கடப்படக் கூடாதாம்! அப்புறம் கோபமும் வடிந்து, கண்ணில் நீர் முட்டிக்கொண்டு வந்தது.

அந்தச் சொல்லைக் கறுப்பாக அடித்தேன். உலகத்தில் மூன்று பேருக்குத்தான் அது புரியும். இருந்தாலும் விதி விதிதான்.

ஆபத்து: ஐந்து.

காரணம்: வீட்டில் தூக்கக் குறைவு.

யார் பொறுப்பு என்ற கட்டத்தில் வழக்கமாக ஏதாவது ஒரு துறையின் பெயரை எழுதிவிடுவேன். இன்றைக்கு அதைக் காலியாக விட்டுவிட்டுப் போனை எடுத்தேன். நாளைக் காலை முதல் விமானம் அவருடையது. கேட்கவும் முடியாது, தெரியும் என்று காட்டிக்கொள்ளவும் முடியாது.

"இன்னிலேர்ந்து நான் மாடி ரூம்ல கதவைச் சாத்திட்டுப் படுத்துக்கறேங்க," என்றேன். "கொஞ்ச நாளா எனக்குத் தூக்கமே வர மாட்டேங்குது. புரண்டு புரண்டு படுத்து உங்க தூக்கத்தையும் எதுக்குக் கெடுக்கணும்?"



"உனக்கா?" என்றார்.