வெள்ளை எழுத்து

மருதப்பன் பேரை எங்க வெப்சைட்டுல ஒளிச்சு வச்சது நான்தான்.

'எங்க' வெப்சைட்டுன்னா, என் பக்கத்து வீட்டு ரத்தினம்மா அக்காவோடது. சிங்கப்பூர் லிட்டில் இந்தியாவுல வீட்டுக்கு வீடு அடுக்குல சைவச் சாப்பாடு அனுப்புற டிங்காட் கடை அவங்களுது. எனக்கு சாங்கி ஏர்போர்ட்டுல கார்கோ ஆபீஸ் வேலை. சனிக்கிழமை மட்டும் அக்காவுக்கு சைட் பார்த்துக் குடுப்பேன். கூலி, ஒரு அடுக்கு சாப்பாடு.

ரெண்டு தெரு தள்ளி மருதப்பனோட டிங்காட் கடை. அவருதும் சைவம்தான். இருபது வருசக் கடை, எழுபது வீடு. அக்காவுக்குப் பதினாலு வீடு.

"அவரு பேரத் தேடுறவங்க நம்ம கடைக்கு வர்ற மாதிரி பண்ண முடியுமா அனிதா?"னு அக்கா ஒருநாள் கேட்டாங்க.

பண்ணினேன். பக்கத்தோட அடியில, வெள்ளைப் பின்னணியில வெள்ளை எழுத்துல 'மருதப்பன் டிங்காட்'னு இங்கிலீஷ்ல நாப்பது தடவை. மனுசக் கண்ணுக்குத் தெரியாது, கூகுள் படிச்சுக்கும். கூகுள் கண்டுபிடிச்சா தேடல்லயிருந்து சைட்டையே தூக்கிடும்னும் தெரியும். தெரிஞ்சேதான் செஞ்சேன்.

மூணு மாசம் ஆச்சு. ஒரு சனிக்கிழமை கடையில உட்கார்ந்து கூகுளோட இலவச டூலைத் திறந்தேன். எத்தனை பேரு எந்த வார்த்தையைத் தேடி நம்ம சைட்டுக்கு வந்தாங்கன்னு அது கோடு போட்டுக் காட்டும்.

அக்கா கரண்டியோட வந்து எட்டிப் பார்த்தாங்க. "கோடு ஏன் படுத்தே கிடக்கு?"

"யாரும் வரலைன்னு அர்த்தம் அக்கா."

"போன வாரம் எல்லாம் பச்சைன்னு சொன்னியே?"

"அது வேற டூல், வேகம் பாக்குறது. சாம்பார் படம் இறங்கவே ஒன்பது செகண்ட் ஆச்சு, சின்னதாக்கிட்டேன். இப்ப சைட் பறக்குது. பறந்து வர்றதுக்கு ஆளுதான் இல்ல."

"மருதப்பன் பேரு?"

"அதுல நாலு கிளிக். அதுல ரெண்டு நான்."

"காசு குடுத்து வாங்குற டூல்ல பார்த்தா?"

"ஓசியில பார்த்தாலும் காசு குடுத்துப் பார்த்தாலும் வராதவங்க வராதவங்கதான் அக்கா."

அக்கா சிரிக்கல. ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாங்க. "பதினாலு வீட்டை வச்சு ஓட்ட முடியல. இந்த மாசக் கடைசியோட மூடிடறேன். கட்டட ஓனர்கிட்ட சொல்லிட்டேன்."

அக்காவுக்கு இதை விட்டா வேற ஒண்ணும் தெரியாது. அவங்க கைப்பக்குவம் எனக்குத் தெரியும், ஊருக்குத்தான் தெரியல.

அப்பதான் வாசல்ல ஒருத்தர், கையில போனோட, ஒரு காலை இழுத்து இழுத்து உள்ள வந்தார். அக்கா முகம் வெளுத்ததைப் பார்த்ததுமே தெரிஞ்சுபோச்சு, மருதப்பன்.

"அனிதாங்கிறது நீதானே?"

"ஆமா அங்கிள்."

போனை மேசையில வச்சார். எங்க சைட். அடியில 'சைட் அமைப்பு: அனிதா'ன்னு இருந்ததுக்குக் கீழ, வெறும் வெள்ளையா இருந்த இடத்துல விரலை அழுத்தி இழுத்தார். நீலப் பட்டைக்குள்ள அவரு பேரு வரிசை வரிசையா எழுந்திரிச்சுது.

"என் மக ரக்ஷனாவும் ஓசி டூல்லதான் எங்க சைட்டைப் பாக்குறா. எங்க பேரை எப்படி எப்படியோ தட்டிப் பார்த்தப்ப உங்க சைட் வந்துச்சு, அவதான் இதைக் கண்டுபிடிச்சா. ரெண்டு மாசம் ஆச்சு."

ரெண்டு மாசமா தெரியுமாம். கூகுளுக்கு ஒரு புகார் போட்டிருந்தா போதும், எங்க சைட் காலி.

"ஸாரி அங்கிள். அக்காவுக்கு எதுவும் தெரியாது. நானாதான் செஞ்சேன்."

"பொய் சொல்றா," அக்கா எழுந்தாங்க. "நான்தான் போடச் சொன்னேன். தப்புதான்."

"யாரு போட்டா என்ன லா. ஆனா தப்பாப் போட்டிருக்கீங்களே."

"இப்பவே எடுத்துடறேன்."

"எடுக்கவா சொன்னேன்? ஸ்பெல்லிங் தப்பும்மா."

நானும் அக்காவும் ஒருத்தர ஒருத்தர் பார்த்துக்கிட்டோம்.

அவரு தன் கடை போர்டு படத்தைக் காட்டினார். இங்கிலீஷ்ல 'மருடபென்'னு இருந்துச்சு.

"நான் பொறந்தப்ப பேரு பதிஞ்சவரு அப்படி எழுதிட்டாரு. ஐசி அட்டையில அதான், போர்டுல அதான், ஜனங்க தேடுறதும் அதான். நீ ஒழுங்கா எழுதி வச்சிருக்க. ஒழுங்கான ஸ்பெல்லிங்ல என்னை யாரும்மா தேடுறாங்க?"

அக்காதான் கேட்டாங்க. "இதை ஏன் எங்ககிட்ட வந்து சொல்றீங்க?"

அவரு மெதுவா ஸ்டூல்ல உட்கார்ந்து முட்டியைத் தடவினார்.

"அடுத்த மாசம் ரெண்டு முட்டியும் ஆபரேஷன். இனிமே அடுப்பு முன்னாடி நிக்க முடியாது, கடையை மூடுறேன். வேற யாராவது இருக்காங்களான்னு ரக்ஷனா பேருல உங்ககிட்ட ஒரு வாரம் சாப்பாடு வாங்கிச் சாப்பிட்டுப் பார்த்தேன். உங்க ரசம் என் ரசத்தை விட நல்லா இருக்கு. என் எழுபது வீட்டுல பாதி பேரு பிடோக்ல, புக்கிட் பாஞ்சாங்ல தனியா இருக்கறவங்க. எவ்வளவு சொன்னாலும் மறந்துட்டு போன்ல என் பேரைத்தான் தேடுவாங்க. தேடுறப்ப உங்க கடை வரட்டும்."

அக்கா முந்தானையால கண்ணைத் துடைச்சுக்கிட்டாங்க. நான் லேப்டாப்பைத் திறந்து, அந்த நாப்பது வரியையும் அழிச்சிட்டு, அவரு போர்டுல இருந்த மாதிரியே எழுத்து எழுத்தா அடிக்க ஆரம்பிச்சேன்.

மருதப்பன் எட்டிப் பார்த்தார்.

"வெள்ளையில வேணாம்மா. என் கஸ்டமருங்களுக்கு வயசாச்சு, கண்ணு தெரியாது. கறுப்புல, பெருசா போடு."