பல்லுக்கு ஒரு சான்றிதழ்

"ஒட்டவெல்லாம் வேண்டாம். பல்லு உடைஞ்சிருச்சுன்னு எழுதிக் குடுங்க, போதும்" என்று சொல்லி, காகிதத்தில் மடித்து வைத்திருந்த முன்பல்லை மேசையில் வைத்தான் வீரபத்திரன்.

கிணற்றுத் தண்ணீர் முறைக்காகக் காலையில் தம்பி மாரிச்செல்வத்தோடு கைகலப்பு. பல் உடைந்தால் பெரிய கேஸ் என்று யாரோ சொல்லவும், பாலவனத்தத்திலிருந்து அருப்புக்கோட்டைக்கு பஸ் ஏறிவிட்டான். விசாரணைக்கு வந்த ஏட்டு சங்கையா ஓரமாக நின்றார்.

"அவன் கம்பி எண்ணணும். கூடப் பொறந்தவன்னு இனி நான் பாக்கப் போறதில்ல."

பல் டாக்டர் ராஜேஸ்வரி அவன் வாயைத் திறக்கச் சொல்லிப் பார்த்தார்.

"பல்லு உடையலண்ணே. போன வருசம் வேருக்குள்ள நான் வச்சு ஒட்டுன ஃபைபர் குச்சிதான் பசை விட்டு, அதுமேல மாட்டுன பல்லோட கழண்டு வந்திருக்கு. வேர் அப்படியே இருக்கு. திரும்ப ஒட்டிரலாம்."

"அவன் குத்துன குத்துல கழண்டதுன்னு எழுதுங்க."

"குத்தியிருந்தா வேரே விண்டிருக்கும். உதட்டுலயும் காயமில்ல. எதையோ அழுந்தக் கடிச்சு, அதை வெடுக்குன்னு இழுத்ததுல வந்த மாதிரி இருக்கு. என்னத்தக் கடிச்சீக?"

வீரபத்திரன் மேசையிலிருந்த பல்லை எடுத்துத் திரும்பக் காகிதத்தில் மடிக்கத் தொடங்கினான்.

ஏட்டு நோட்டை மூடினார்.

"இப்பத்தான் பெரியாஸ்பத்திரியில உன் தம்பியைப் பாத்துட்டு வாரேன். முன்கையில சதை பிஞ்சு தொங்குது. நாய் கடிச்சிருச்சுன்னு சொல்லி, நாய்க்கடி ஊசி போட்டுட்டு உக்காந்திருக்கான். எந்த நாயின்னு நானும் கேட்டுக் கேட்டுப் பாத்தேன். கடைசி வரைக்கும் சொல்லல."