ஆறு கை

மெக்கானிக் வந்ததும் வராததுமாகச் சொன்ன முதல் செய்தி, கிளாம்ப்பை மறந்துவிட்டார் என்பதுதான்.

பொம்மைக்கார அக்காவுக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. இரண்டு வாரமாகச் சொல்லி அனுப்பி, இன்றைக்குத்தான் மனிதர் வந்திருக்கிறார். மரம் அறுக்கும் அந்தப் பழைய பேண்ட் சா மெஷினின் மேல் சக்கரம், கீழ்ச் சக்கரம் இரண்டிலும் ரப்பர் டயர் தேய்ந்து வெடித்து, அதன்மேல் ஓடும் ரம்பம் குடிகாரன் நடை நடந்தது. எந்த மரயானைக்கும் தும்பிக்கை நேராக வரவில்லை.

"டயரை அழுத்திப் பிடிக்கிறதே கிளாம்ப்புதான். அதையா மறப்பீங்க?"

"வயசாகுதில்லம்மா" என்றார் அவர், கூச்சமே இல்லாமல்.

பழைய டயரை உரித்து, சக்கரத்தைச் சுரண்டிச் சுத்தம் செய்து, புதியதை வெந்நீர் வாளியில் போட்டார். சூடு ஆறினால் ரப்பர் இறுகிவிடுமாம். இரண்டு பக்கமும் இரண்டு பேர் அழுத்திப் பிடித்தால், அவர் இழுத்து மாட்டிவிடுவாராம்.

"ஆறு கை வேணும்மா. நம்மகிட்ட நாலுதான் இருக்கு."

மீதி இரண்டு கை எதிர் வீட்டில் இருந்தது. இதே பட்டறையில் அக்கா அறுக்க, தங்கை வர்ணம் பூசிய காலம் ஒன்று உண்டு. அப்போதிருந்தே இந்த மெஷினுக்கு இவர்தான் மெக்கானிக். தங்கை தன் இஷ்டத்துக்குக் கல்யாணம் செய்துகொண்ட அன்று, "இனி இந்த வாசப்படியை மிதிக்காதே" என்று அக்கா சொல்லிவிட்டாள். ஒன்றரை வருஷம் ஆயிற்று. ஐந்து மாதமாக எதிர் வீட்டில் ஒரு குழந்தை அழுகிறது. அது அழும்போதெல்லாம் அக்கா மெஷினை நிறுத்திவிட்டுக் கேட்பாள். தூக்கச் சொல்லிக் கை பரபரக்கும். ஆனால் கொட்டிய வார்த்தையை எப்படி அள்ளுவது?

"எதிர் வீட்டு ஜன்னல்ல ஒருத்தங்க நிக்கிறாங்களே. கூப்பிடவா?"

"உங்க இஷ்டம்" என்று வாளியைப் பார்த்துச் சொன்னாள்.

அவர் போய்ச் சொல்லிவிட்டுத் திரும்புவதற்குள், தங்கை பின்கதவு வழியாக உள்ளே வந்து நின்றாள். வாசப்படியை மிதிக்கவில்லை.

இருவரும் ஆளுக்கொரு பக்கம் அழுத்திப் பிடிக்க, மேல் சக்கரத்தில் டயர் ஏறியது. தங்கை நன்றாக இளைத்திருந்தாள். எதிர் வீட்டில் இருந்தும் இது தெரியாமல் போயிற்றே என்று அக்கா நினைத்துக்கொண்டாள்.

கீழ்ச் சக்கரத்துக்குக் குனிந்தபோது, இருவர் தலையும் மடாரென்று மோதிக்கொண்டன. தங்கை சட்டென்று இன்னொரு முறை முட்டினாள்.

"ஒரு தடவை முட்டினா கொம்பு முளைக்கும்க்கா."

"எனக்குத்தான் ஒன்றரை வருஷமா முளைச்சுக் கிடக்கே" என்றாள் அக்கா. கண்ணைத் துடைக்கக் கை இல்லை. டயரைப் பிடித்திருந்தது.

மெக்கானிக், பார்க்க ஒன்றுமில்லாத இடத்தை உற்றுப் பார்த்தபடி, நிதானமாக இழுத்து மாட்டினார்.

"குழந்தை?"

"தூங்குது. அவர் பார்த்துக்கறார்."

"எழுந்தா என்ன, போய்த் தூக்கிட்டு வா. வாசல் வழியா வா."

ரம்பம் கோடு போட்டதுபோல் ஓடியது. மெக்கானிக் கிளம்பிய பிறகுதான், அவருடைய சுரண்டி மேஜைமேல் கிடப்பதை அக்கா பார்த்தாள். எடுத்துக்கொண்டு தெருவுக்கு ஓடினாள். அவர் வண்டியில் ஏறியிருந்தார். பின்னால் தொங்கிய பையைத் திறந்து சுரண்டியைப் போடப் போனாள்.

உள்ளே நான்கு கிளாம்ப்புகள் பளபளவென்று வரிசையாக இருந்தன.

அவர் திரும்பிப் பார்க்கவில்லை. எதிர் வீட்டிலிருந்து தங்கை குழந்தையோடு தெருவைக் கடந்து, வாசப்படியில் கால் வைத்துக்கொண்டிருந்தாள்.

அக்கா பையை மூடினாள்.

"அடுத்த தடவையும் மறந்துட்டே வாங்கண்ணா."