பிஸ்கட்டின் மூச்சு

"மூணு நாளா விசிலடிக்குது டாக்டர்!" ரஸ்ஸல் மேசையைக் குத்தினான். "மைனஸ் பத்து டிகிரி குளிர்ல ஜன்னலைத் திறந்து வச்சிருக்கா, மூதேவி! பிஸ்கட் செத்துச்சுன்னா உன்னையும் சேர்த்துப் புதைச்சுடுவேன்டி!"

அவன் மனைவி லொரேன் கினிப்பன்றி பிஸ்கட்டை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நின்றாள்.

கால்நடை டாக்டர் இங்கிரிட் குனிந்து, அதன் முதுகில் காதை வைத்தாள். விசில் சத்தம் நன்றாகவே கேட்டது. பிஸ்கட்டை வாங்கி மேசையில் விட்டு, ஸ்டெதாஸ்கோப்பை வைத்துப் பார்த்தாள். நுரையீரலில் ஒரு குறையும் இல்லை.

ஆனால் விசில் நிற்கவில்லை; அது மேசையிலிருந்தும் வரவில்லை.

இங்கிரிட் மெல்ல நிமிர்ந்து, ஒரு கையால் விலாவைப் பிடித்தபடி மூச்சுவிட்ட லொரேனைப் பார்த்தாள்.

"எக்ஸ்ரே எடுக்கணும் சார். நீங்க வெளியில உட்காருங்க."

அவன் போனதும் கதவைப் பூட்டினாள்.

"உன் விலா உடைஞ்சு எத்தனை நாளாச்சும்மா?"

லொரேன் மூன்று விரல்களைக் காட்டினாள்.